எளிய ஆங்கிலம் கற்போம்: "வேவர்டு" என்றொரு வார்த்தை



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூலாகி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த நேரம். ஓர் அக்கா தயங்கித் தயங்கி மகளின் பள்ளி டைரியை நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். அவகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்லாம அழுவுறா" என்றார்.

டைரியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. "யுவர் டாட்டர் இஸ் வேவர்டு." அதாவது, "உங்கள் மகள் சொன்ன வழியில் நிற்காதவள், தறிகெட்டுப் போகிறவள்."

பிள்ளை எட்டாம் வகுப்பு. குழுவில் உள்கடன் வாங்கித்தான் அக்கா ஃபீஸ் கட்டியிருந்தார். விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான். அந்த வாரம் அம்மா விடியற்காலையிலேயே களை எடுக்கப் போய்விட்டார். அங்கன்வாடி திறக்கும்வரை காத்திருந்து, தம்பியை விட்டுவிட்டு மகள் பள்ளிக்கு ஓடியிருக்கிறாள். நான்கு நாள் தாமதம். அந்த நான்கு நாள் தாமதம் ஒரே வார்த்தையில் அவளுடைய குணமாகவே மாறிவிட்டது. அதற்கு அம்மாவே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

வார்த்தையைத் தெரிந்துகொள்வோம்

ஓர் ஆளின் அல்லது பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லைத் தமிழில் பெயரடை என்கிறோம். நல்ல பிள்ளை, பழைய வீடு என்பதில் வரும் "நல்ல", "பழைய" போல. "வேவர்டு" அப்படி ஓர் ஆங்கிலப் பெயரடை. "வே" என்றால் வழிதானே, அப்போ வழியில் போகிறவர் என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் "அவேவர்டு" என்று இருந்தது, முன்னால் இருந்த "அ" தேய்ந்துபோய் "வேவர்டு" ஆனது. "அவே" என்றால் விலகி. ஆகவே, விலகிப் போகிற என்பதுதான் பொருள்.

டிவியில் கிரிக்கெட் ஓடும்போது கேட்டுப் பாருங்கள். பந்து வீச்சு தாறுமாறாகப் போனால் "வேவர்டு பவுலிங்" என்பார்கள். பந்துக்குச் சொன்னால் பந்து அழப்போவதில்லை. பிள்ளைக்குச் சொன்னால்?

சேட்டைக்கு எத்தனை வார்த்தை

தமிழில் வாலு, சுட்டி, அடங்காதவன், தறுதலை என்று எத்தனையோ சொல்கிறோம். எல்லாம் ஒரே எடை இல்லை. "வாலு" என்று கொஞ்சலாம், "தறுதலை" என்று கொஞ்ச முடியுமா? ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

1. நாட்டி: சேட்டை பண்ணுகிற. சிறு பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுங்கள். வயது வந்தவர்களுக்குச் சொன்னால் சில சமயம் ஆபாச அர்த்தம் வந்துவிடும். இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. "நாட்" என்றால் ஒன்றுமில்லை. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் "நாட்டி" என்றால் ஒன்றும் இல்லாதவர், ஏழை என்று பொருள். பிறகு கெட்டவர் என்று ஆனது. அதன் பிறகுதான் சேட்டைப் பிள்ளை என்று இறங்கியது. ஏழை என்ற சொல் கெட்டவர் என்று மாறியதைக் கவனித்தீர்களா?

2. மிஸ்சிவஸ்: குறும்பான. பலரும் "மிஸ்சீவியஸ்" என்று இழுக்கிறார்கள், அது தவறு.

3. அடமன்ட்: சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கிற. நம் "அடம்" மாதிரி ஒலிக்கும். ஆனால் உறவில்லை. உடைக்க முடியாத கடினம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

4. டிஸ்ஒபீடியன்ட்: சொல்பேச்சு கேட்காத.

5. அன்ரூலி: கட்டுக்கு அடங்காத. கூட்டத்துக்கும் வகுப்புக்கும் அதிகம் வரும்.

6. ஸ்ட்ரே: கேட்பாரற்றுத் திரிகிற. மாடு, நாய்க்குச் சொல்வது. மனிதரை இப்படிச் சொல்லக் கூடாது.

7. வேவர்டு: வழி விலகிப் போகிற. ஒருநாள் சேட்டைக்கு வருவதில்லை. நடத்தையே சரியில்லை என்ற கனமான சொல்.

"இஸ்" வேறு, "இஸ் பீயிங்" வேறு

பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். இரண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஷீ இஸ் நாட்டி: அவ சேட்டைக்காரி.
ஷீ இஸ் பீயிங் நாட்டி: அவ இப்போ சேட்டை பண்றா.

முதலாவது, எப்பவும் அவள் அப்படித்தான் என்கிறது. இரண்டாவது, இந்த நேரத்தில் செய்வதை மட்டும் சொல்கிறது. நாளைக்கு அவள் மாற இடம் இருக்கிறது. தமிழிலும் "பொய் சொன்னான்" என்பதற்கும் "பொய்யன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதானே.

இன்னும் நல்ல வழி, பெயரடையே இல்லாமல் நடந்ததைச் சொல்வது. "ஷீ கேம் லேட் ஆன் ஃபோர் டேஸ்." நான்கு நாள் தாமதமாக வந்தாள். இப்படி எழுதியிருந்தால் அம்மா உடனே "ஏன்?" என்று கேட்டிருப்பார். காரணம் வெளியே வந்திருக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குற்றம் செய்த பிள்ளைகளை "டெலின்க்வென்ட்" என்று அழைத்தது. 2000-இல் வந்த சட்டம் அந்தச் சொல்லை விட்டு, "சட்டத்துடன் முரண்பட்ட சிறார்" என்றது. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிள்ளைகள் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைக்கே இந்த மரியாதை. தாமதமாக வந்த பிள்ளைக்கு இல்லையா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

பெண்களைப் பற்றிய வார்த்தைகளுக்கும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. "ஃபாலன் உமன்", அதாவது ஒழுக்கத்திலிருந்து விழுந்த பெண், என்று நீதிமன்றத்தில் எழுத வேண்டாம், "உமன்" என்றால் போதும் என்கிறது அது.

நாம் என்ன செய்யலாம்?

* புரியாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். பேங்க் பாரமானாலும் பள்ளி டைரியானாலும் ஒன்றுதான். "படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை.
* ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "எம்பொண்ணு என்ன செஞ்சா, எந்தத் தேதியில?" என்று கேளுங்கள்.
* நம் வாயையும் பார்ப்போம். "அடங்காப்பிடாரி" என்று பெண்ணைத்தான் சொல்கிறோம், ஆணைச் சொல்வதில்லை. குழுவிலும் "அவ சரியில்லாத மெம்பர்" என்று பேசாமல், "ரெண்டு தவணை பாக்கி" என்று பேசலாம்.

அந்த அக்கா மறுநாள் குழுப் பிரதிநிதியோடு பள்ளிக்குப் போனார். தம்பி விஷயம் தெரியாது என்றார் டீச்சர். அந்த வரியை அடித்துவிட்டு, தாமதமான நான்கு தேதிகளையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்தார். இப்போது பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் தம்பியை அங்கன்வாடியில் விடுகிறார். மகள் நேரத்துக்குப் போகிறாள். ஆனாலும் அடித்த வரியை அவள் இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதாக அக்கா சொன்னார். பேனாவால் அடிப்பது சுலபம். மனசிலிருந்து அடிக்க நாளாகும்.

பயிற்சி (அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்)

1. "ஹீ இஸ் பீயிங் அடமன்ட்" என்பதைத் தமிழில் சொல்லுங்கள்.
2. தெருவில் திரியும் மாட்டுக்கு எந்தச் சொல்?
3. "என் பையன் சோம்பேறி" என்பதைக் குணமாகச் சொல்லாமல், நடந்ததாக மாற்றிச் சொல்லுங்கள்.

விடை: 1. அவன் இப்போ அடம் பிடிக்கிறான். 2. ஸ்ட்ரே. 3. விடையை உங்கள் வீட்டில் தேடுங்கள். கிடைத்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.