இல்லமிலார்க்கு உதவிய மாணாக்கர்

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழகம் உள்ளது. ஆங்கு 1995-ஆம் ஆண்டில் எட்வர்டு கோய்ல், லியா ஜேமிசன் என்னும் பேராசிரியர் இருவர் புதியதொரு பயிற்சிமுறையை வகுத்தனர். மாணாக்கர் குழுக்களாகக் கூடி, அவ்வட்டாரத்துத் தொண்டு நிலையங்களின் குறையைக் கேட்டறிந்து, அதனைத் தீர்க்கும் கருவியோ மென்பொருளோ ஆக்கித் தருதல் அம்முறையாம்.

அக்குழுக்களுள் ஒன்று, வீடற்றோர்க்கு உதவும் நிலையங்களுக்குப் பணி செய்தது. வீடிழந்த ஒருவரே பல நிலையங்களை நாடுவர். ஆதலின் ஓரிடத்துச் செய்தி மற்றோரிடத்தார்க்கும் தெரிதல் வேண்டும். ஆயினும், துன்புற்றோர் தம் நிலையைப் பிறர் அறிய நாணுவரன்றோ? மறைக்கத் தக்கன வெளிப்படாவண்ணம் செய்தியைப் பகிர்தற்குரிய கணிப்பொறித் தகவல்தளம் அமைத்தலே அவர்தம் வேலை. வகுப்பறைக் கணக்கில் பிழை நேரின் மதிப்பெண் குறையும், அவ்வளவே. இங்குப் பிழை நேரின் எளியார் ஒருவரின் மானம் குலையும்.

மற்றோர் இடரும் உண்டு. பருவம் முடிந்ததும் மாணாக்கர் பிரிந்து செல்வர். நிலையத்தார்க்கோ மென்பொருள் நாடோறும் வேண்டும். அதனால் முதலாண்டினரும் இறுதியாண்டினரும் ஒரே குழுவில் அமைந்து, மூத்தோர் இளையோர்க்குப் பணியைக் கற்பித்துச் செல்லுமாறு ஆண்டுக்கணக்கில் குழுவை நீட்டித்தனர். செய்ததைச் செய்தவாறே எழுதிவைத்தல், பலர்க்குச் சலிப்பூட்டுவதாயினும், அடுத்து வருவோர்க்கு அதுவே வழிகாட்டியாயிற்று.