வீட்டார் கேட்க எழுதிய நாவல்

நாவல் எழுதுவதற்கு ஏகாந்தம் அவசியம் என்றும், இல்லறத்தின் சந்தடியினின்று சில காலமேனும் விலகி நிற்பவருக்கே அது சித்திக்கும் என்றும் பொதுவாக ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய செம்மங்குப்பத்தில், மாமியார், கணவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகியோரோடு வசித்துக்கொண்டே என் முதல் நாவலை எழுதி முடித்த எனக்கு வாய்த்த அனுபவம் அதற்கு நேர்மாறானது. அந்த நாவலில் உயிருள்ள பகுதி என்று எதைச் சொல்ல முடியுமோ, அது முழுவதும் இந்த வீட்டாரின் முன்னிலையில், இவர்கள் செவியில் விழுந்தபடியே உருவாயிற்று. முதன்முதலாக எழுதத் துணியும் குடும்பத்தாருக்குப் பிரயோஜனப்படக்கூடும் என்று கருதியே அதை இங்கே விவரிக்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிய விஷயம். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஆகையால் எங்கள் வீட்டின் கடிகாரம் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்ட் வாரங்களில், விடியுமுன் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியபின், மகள் எழுந்திருக்கும் வரையில் சமையலறை மேடையருகே எனக்குச் சிறிது அவகாசம் கிடைக்கும். நைட் ஷிப்ட் வாரங்களிலோ அவர் புறப்பட்ட பிறகு இரவு முழுதும் என் வசம். மத்தியான ஷிப்ட் வாரங்களில் எழுதவே இயலாது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களை ஏற்கெனவே எழுதியவற்றைப் படித்துத் திருத்துவதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். தினமும் ஒரே வேளையில் எழுத உட்கார வேண்டும் என்று புத்தகங்கள் உபதேசிக்கும் நியமம் நல்லதே. ஆனால் ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் அது நடவாது. உங்கள் வீட்டின் ஓட்டத்தைச் சில வாரங்கள் கவனித்து, எந்த வேளையில் புதிதாக எழுதலாம், எந்த வேளையில் திருத்த மட்டுமே முடியும் என்று பகுத்துக்கொள்ளுங்கள். நோட்டை மூடுமுன், அடுத்து வரவேண்டிய நிகழ்ச்சியை ஒரே வாக்கியத்தில் குறித்து வைத்துவிட்டால், மறுமுறை உட்காரும்போது கதையைத் தேடிக்கொண்டிருக்கும் சிரமம் பெரிதும் குறையும்.

ஜீவனத்துக்கான உத்தியோகமும் குடும்பமும் நாவலுக்குப் பகையல்ல என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’யை எழுதினார், ‘கோவேறு கழுதைகள்’ என்னும் முதல் நாவலை 1994-ல் தந்த இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எங்கள் ஊர் வழியே செல்லும் ரயில் பாதையில், சிதம்பரத்துக்கும் அப்பால் இருக்கிற மாயூரத்தில் முன்சீப் உத்தியோகம் பார்த்த வேதநாயகம் பிள்ளைதான் 1879-ல் அச்சேறிய, தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர். அந்த முதல் நாவலிலேயே ஞானாம்பாள் என்னும் குடும்பப் பெண்ணின் மதிநுட்பம் பிரதான ஸ்தானம் வகிப்பது எனக்கு எப்போதும் ஆனந்தம் தரும் செய்தி.

என் நாவல் ஒரு முந்திரித் தோப்புக் குடும்பத்தின் கதை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தனவே, அந்த நாளுக்கு முன்னும் பின்னுமாக அது நடக்கிறது. என் மாமியார் அந்தப் பக்கத்துப் பெண். மாலையில் விளக்கேற்றிய பின்பு அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அன்றுவரை எழுதியதை நான் உரக்க வாசிப்பேன்.

“ஏம்மா, கொட்டை ஒடைக்கப் போறாளே அந்தப் பொண்ணு, கையில சாம்பல் தடவிக்கிட்டாளா? இல்லன்னா தோலு பொத்துப் போயிடுமே” என்று அவர் கேட்டபோது, என் கதாநாயகி எனக்கே முதன்முறையாக ரத்தமும் சதையுமாகத் தெரிந்தாள். புயல் அத்தியாயத்தை வாசித்த அன்று அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எல்லாரும் காத்தைப் பத்தியே சொல்றாங்க. மறுநாளு வெயில் அடிச்சுதே, அதைத்தாம்மா எங்களால தாங்க முடியல. அம்பது வருஷமா நெழலாக் கெடந்த வாசல்ல திடீர்னு வெயிலு. எங்கம்மா கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே குந்தியிருந்துச்சு” என்றார்.

“அத்தை, இதை நான் எழுதிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுதேன். எங்கம்மா பேர மட்டும் போட்டுடாத” என்றார்.

நாவலின் இரண்டாம் பாகம் அந்த வெயிலில்தான் தொடங்குகிறது. பத்திரிகைச் செய்திகளும் புள்ளிவிவரங்களும் எத்தனை படித்திருந்தாலும் அந்த வாசல் எனக்குக் கிட்டியிராது. ஆகவே, எழுதியதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். “நன்றாயிருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், பிரியத்தினால் நன்றாயிருக்கிறது என்றே சொல்வார்கள். அவர்களுடைய கைகளைக் கவனியுங்கள். கீரை ஆயும் கை தானாக நின்றால் அந்தப் பகுதி நிலைக்கும். நடுவே பேத்தியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டால் அதைச் சுருக்கிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

கணவரின் பங்கு வேறு விதமானது. கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் எந்த ஆண்டில் என்ன வயது என்று அவரே பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். புயல் அடித்த நாள் வெள்ளிக்கிழமை, அரையாண்டு விடுமுறைக் காலம், ஆகவே கதையில் வரும் பையன் பாட்டி வீட்டில்தான் இருந்திருப்பான் என்பதும், சாய்ந்த தோப்பில் ஒட்டுக்கன்று நட்டால் காய்ப்பைப் பார்க்க மூன்றாம் ஆண்டு ஆகுமாதலால் பெண்ணின் கல்யாணச் செலவுக்கு அந்தத் தோப்பை நம்ப முடியாது என்பதும் அந்த அட்டை காட்டிய உண்மைகளே. கையெழுத்துப் பிரதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய மகள், “இவ எதுக்கும்மா படிப்பை நிறுத்தணும்?” என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தாள். அதற்கு விடை சொல்ல வேண்டியே ஒரு முழு அத்தியாயம் கூடுதலாக எழுதப்பட்டது.

எழுதாமல் விடவேண்டியதும் உண்டு. 2025 ஜூலை 8-ஆம் தேதி காலையில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டு போனார்கள். அந்தத் துக்கம் இந்த ஊரைவிட்டு இன்னும் அகலவில்லை. அதை நாவலில் சேர்க்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. பெற்றவர்கள் தினமும் கடந்து செல்லும் தெருவில் இருந்துகொண்டு அதைக் கதையாக்க எனக்கு உரிமை இல்லை என்று கருதினேன். இன்றும் அவ்வாறே கருதுகிறேன். அண்டை அயலாரின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுக்க நேர்ந்தால், மாமியார் விஷயத்தில் செய்ததுபோல, உரியவரிடம் கேட்டு அனுமதி பெற்றபின் எடுப்பதே தர்மம்.

மெய்ப்புத் தாள்கள் வந்தபோது வீடே ஒரு திருவிழாவாக மாறிற்று. எழுதியவரின் கண்ணுக்கு அச்சுப்பிழை எளிதில் புலப்படுவதில்லை. மூலத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் மெய்ப்பைப் பார்ப்பதே சிறந்த முறை. மகள் வாசித்தாள், கணவர் பென்சிலோடு பார்த்தார், மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு நால்வருமாகப் பஸ் ஏறிச் சென்றோம். அரங்கில் நூலைக் கையிலெடுத்த மாமியார் முதலில் தம் தாயாரின் பெயர் எங்கும் இல்லை என்பதைப் பேத்தியைக் கொண்டு சரிபார்த்துக்கொண்டார். அதன்பிறகே பண்ருட்டியிலிருக்கும் தம் தங்கைக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்.

இப்போது இரண்டாவது நாவலுக்கான குறிப்புகளைச் சேகரித்துவருகிறேன். அது ஷிப்ட் வேலைக்காரர்களின் கதை. இரவுச் சாப்பாட்டின்போது கணவர் விஷயம் சொல்கிறார், மகள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் தமக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்திருக்கிறார். மாமியார் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.