கேட்ச் பிளாக்கில் நிற்காமல் போகாதீர்கள்

ரிவ்யூ பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. லாஜிக்கை எல்லோரும் பார்ப்பார்கள். கேட்ச் பிளாக் வந்ததும் விறுவிறுவென்று ஸ்க்ரோல் ஆகிவிடும். நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

2. எர்ரர் வரியை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். இரவு இரண்டு மணிக்கு சப்போர்ட்டில் இருப்பவர் கண்ணில் அது ஒன்றுதான் படும், கோட் படாது. நான் சேர்ந்த புதிதில் "தேதி தவறு" என்று எழுதி, அதுவும் ரிவ்யூவில் தப்பிவிட்டது. சம்பள நாளுக்கு முந்தைய இரவு, சுமார் 4,000 வரி உள்ள ஃபைல் ஏறவில்லை. எந்த வரி? பாதி பாதியாக வெட்டி ஏற்றிப் பார்த்தோம். பன்னிரண்டாவது முறை சிக்கியது: ஒருவர் வேலைக்குச் சேர்ந்த தேதி 31-04-2011! மறுநாள் இப்படி மாற்றினேன்: "வரி 2317: சேர்ந்த தேதி '31-04-2011' செல்லாது. ஏப்ரலில் 30 நாள்தான். திருத்தி மீண்டும் ஏற்றவும். எந்த வரியும் இன்னும் சேமிக்கப்படவில்லை." கடைசித் துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதி ஏறிவிட்டதோ என்ற பயம்தான் சப்போர்ட் ஆளின் தூக்கத்தைக் கெடுப்பது.

3. பெரிய இடத்திலும் இந்தக் குறை உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், ஃபீல்டில் அடங்காத டேட்டா வந்தால், வெட்டுப்படும் என்று மட்டும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த டேபிள், எந்த ஃபீல்டு, எந்த மதிப்பு என்று 2019 பதிப்பில் தானாகவே சொல்கிறது.

4. எது இல்லை என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். லினக்ஸில் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும். ஓட்டினால் "ஃபைல் இல்லை" என்று வரலாம். இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரி கேட்கும் இன்டர்பிரெட்டர். விண்டோஸில் சேமித்தபோது வரிக்கடைசியில் ஒட்டிக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத எழுத்து அந்தப் பெயரைக் கெடுத்திருக்கும். சொன்னது பொய்யில்லை, ஆனாலும் ஒரு பகல் போய்விடும்.

5. மதிப்பைக் காட்டுகிறேன் பேர்வழி என்று பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண்ணை லாகில் கொட்டியிருந்தால் மெர்ஜ் ஆக விடாதீர்கள். சீனியர் எழுதியதானாலும் சரி.

6. "மெசேஜ் தெளிவாக இல்லை" என்று கமெண்ட் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதுவும் "தேதி தவறு" ரகம்தான். மாற்று வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறகு, கோட் எழுதியவரிடம், கெட்டுப்போன ஃபைல் ஒன்றை ஏற்றி, திரையில் வந்ததை அப்படியே பிஆரில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்போது அவரே பாதியைத் திருத்திவிடுவார்.