ஒரு ரூபாய் ஒரு பைசா ஆகும் தூரம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு வடமிடல் என்றொரு பாடம் உண்டு. இணையச்சு வடம், முறுக்கிய இணை வடம், ஒளியிழை வடம் என்று ஒவ்வொன்றாக அதில் வரும். 'ஒளியிழை வடம் ஏன் சிறந்தது?' என்று கேட்டால், 'ஒளி மிக வேகமாகச் செல்லும், அதனால்' என்றே மாணவர்களில் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காரணம் அல்ல. நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் கறுப்புக் கேபிளில் சமிக்ஞை செல்லும் வேகம், ஒளியிழைக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிடக் கூடுதல்.

பிறகு எதில்தான் ஒளியிழை உயர்ந்தது? இந்தக் கேள்விக்கு மனப்பாடம் இல்லாமல் விடை காண வைப்பதே என் நோக்கமாக இருந்தது. திருச்சியில் நான் பணியாற்றும் அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்பாடத்தை எடுப்பவர்கள் வணிகவியல் பிரிவு மாணவிகள். பதினொன்றாம் வகுப்பிலிருந்து இயற்பியலைத் தொடாதவர்கள். ஆனால் கணக்கில் கெட்டிக்காரர்கள். பலர் துறையூர், முசிறி, லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்து மாறுகிறவர்கள். ரூபாய்க் கணக்கு, பேருந்து நிலையம் ஆகிய இரண்டையும் வைத்தே நான்கு பாடவேளைகளை அமைத்தேன்.

வடத்தைப் பிரித்துப் பார்த்தல்

முதல் பாடவேளைக்குத் தேவை ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு. எந்தக் கேபிள்காரரிடம் கேட்டாலும் வெட்டிப் போட்டதில் ஒன்றைத் தருவார். மேலுறையைச் சீவினால் பின்னிய கம்பி வலை, அதன் கீழ் அலுமினியத் தாள், அதற்குள் வெண்ணிற நுரை, நடுவில் செம்பு நிறக் கம்பி என்று அடுக்கடுக்காக வரும்.

ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளும் மாணவிகளுக்குத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தாலும் எல்லாவற்றுக்கும் நடு ஒன்றே. வடத்திலும் அப்படித்தான். கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒன்றே என்பதால் இணையச்சு வடம் என்று பெயர். இதைச் சொன்ன பிறகு அந்தச் சொல் யாருக்கும் மறக்கவில்லை. உள்ளிருக்கும் சமிக்ஞை வெளியே கசியாமலும், வெளி மின்காந்த இரைச்சல் உள்ளே நுழையாமலும் காப்பது அந்த வலையும் தாளும். வடத்தைச் சட்டென்று மடக்கினால் கம்பி நடுவிலிருந்து விலகும். அந்த இடத்தில் சமிக்ஞையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும்.

நடுக் கம்பியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பல துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் பூச்சே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

ஒளியிழைக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி போதும். அடிப்பக்கம் துளையிட்டு, எதிர்ப்புறத்திலிருந்து சிறிய லேசர் விளக்கின் ஒளியைத் துளை நோக்கிச் செலுத்தினால், வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து போகும். நீரில் இரண்டு சொட்டுப் பால் கலந்தால் நன்றாகத் தெரியும். கீழ் வகுப்பில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. ஒளியிழையில் நீருக்குப் பதில் கண்ணாடி உள்ளகம். சுற்றிலும் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த இன்னொரு கண்ணாடி உறை. தொலைதூர இழையில் உள்ளகத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர், உறையோடு சேர்த்து 125 மைக்ரோமீட்டர். தலைமுடியைவிடச் சற்றே தடிமன்.

ரூபாய்க் கணக்கு

சமிக்ஞை போகப் போகத் தேயும். தேய்மானத்தை டெசிபலில் சொல்வார்கள். மடக்கையில் இறங்காமல் நான் சொன்னது இவ்வளவே: 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், 20 டெசிபல் இழந்தால் நூறில் ஒரு பங்கு. அதாவது ஒரு ரூபாயோடு புறப்பட்டவர் கையில் ஒரு பைசா.

அடுத்த கேள்வியை அவர்களிடமே விட்டேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு ரூபாயோடு கிளம்பினால், எந்த இடத்தில் அது ஒரு பைசா ஆகும்?

1960களின் நல்ல கண்ணாடி: கிலோமீட்டருக்கு 1,000 டெசிபல் அளவுக்கு இழப்பு. 20 மீட்டரிலேயே ஒரு பைசா. இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளத்துக்குச் சற்றுக் குறைவு.

வீட்டுக்கு வரும் ஆர்ஜி-6 இணையச்சு வடம், 1,000 மெகாஹெர்ட்ஸில்: 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல். பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் ஒரு பைசா.

1966இல் சார்லஸ் காவ் வைத்த இலக்கு: கிலோமீட்டருக்கு 20 டெசிபல். மெயின்கார்டு கேட் வழியாக மலைக்கோட்டை அடிவாரம் போகும் தூரம் அளவு.

இன்றைய ஒளியிழை: கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட திண்டுக்கல்.

கரும்பலகையில் 'திண்டுக்கல்' என்று எழுதியபோது வகுப்பில் எழுந்த சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

இந்த வரிசையில் ஒரு வரலாறும் இருக்கிறது. பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக்கற்றை வழியே படத்தை அனுப்பிக் காட்டி, 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அது சிறு தூரத்துக்கே பயன்பட்டது. தேய்மானத்துக்குப் பெரிதும் காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுகளே, அவற்றை நீக்கினால் தொலைத்தொடர்புக்கே பயன்படுத்தலாம் என்று காவும் ஹாக்கமும் 1966இல் கூறினர். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கிலோமீட்டருக்கு 17 டெசிபல் இழப்புள்ள இழையை உருவாக்கியது. நம் கணக்கில் ஒரு கிலோமீட்டர் முடிவில் இரண்டு பைசா. அந்த இரண்டு பைசாதான் இன்றைய இணையத்தின் முதலீடு. காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேகமா, கொள்ளளவா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் அது சுமார் 2 லட்சமாகக் குறைகிறது. நுரை நிரப்பிய இணையச்சு வடத்தில் சமிக்ஞை சுமார் 2.5 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது.

வகுப்பில் கேட்டேன்: "மாலை ஐந்து மணிக்குச் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகக் கூட்டம் நிற்கிறது. எல்லோரும் சீக்கிரம் போய்ச் சேர என்ன செய்யலாம்?" இன்னும் நிறையப் பேருந்து விடலாம், பாலத்தை அகலமாக்கலாம் என்றார்கள். ஓட்டுநரை வேகமாகப் போகச் சொன்னால் என்ன என்றேன். ஒரு மாணவி உடனே சொன்னாள்: "ரெண்டு நிமிஷம் மிச்சமாகும் மிஸ். கூட்டம் அப்படியேதான் நிக்கும்."

அதுதான் விடை. நாம் 'வேகமான இணையம்' என்று சொல்வது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்பதை. கேபிள் டிவி வடம் பயன்படுத்தும் அதிர்வெண்கள் நொடிக்குச் சுமார் 100 கோடி அதிர்வுகள் வரை. இழையில் செல்லும் அகச்சிவப்பு ஒளியோ நொடிக்கு 190 லட்சம் கோடிக்கும் மேல் அதிர்கிறது. அவ்வளவு அகலமான பாலம் அது. வெவ்வேறு அலைநீளங்களில், அதாவது வெவ்வேறு நிறங்களில், பல சமிக்ஞைகளை ஒரே இழையில் ஒன்றோடொன்று மோதாமல் அனுப்பலாம்.

பழைய 'மெல்லிய ஈதர்நெட்' வலையமைப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். 185 மீட்டர் வரை நீளும் ஒரே இணையச்சு வடத்தில் எல்லாக் கணினிகளும் தொங்கும். நடுவில் எங்கு அறுந்தாலும் மொத்தமும் நிற்கும். 2022-23இல் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த மாதங்களில் சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. பாலத்துக்காவது சுற்றுவழி இருந்தது. அந்த வடத்துக்கு அதுவும் இல்லை.

பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை

மூன்றாம் பாடவேளைக்குப் பதில் ஒரு களப்பணி. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், தரையில் நின்றபடியே கண்ணில் படும் வடங்களைக் குறித்து வரச் சொன்னேன். கம்பங்களில் வளையமாகச் சுற்றித் தொங்கவிட்ட மெல்லிய கறுப்பு வடம், கேபிள்காரர்களின் ஆம்பிளிஃபயர் பெட்டி, மாடிகளுக்கு ஏறும் இணையச்சு வடம் எனக் குறிப்பேடுகள் நிரம்பின.

'வளையமாக ஏன் சுற்றி வைத்திருக்கிறார்கள்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. அறுந்தால் இழுத்து இணைக்கக் கூடுதல் நீளம் வேண்டும். ஒளியிழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியேறிவிடும் என்பதால் வட்டமாகச் சுற்றுகிறார்கள். பல ஊர்களில் கேபிள் வலையமைப்பு இரண்டும் கலந்தது. நிலையத்திலிருந்து தெருவின் நோடு வரை ஒளியிழை, அங்கிருந்து வீடுவரை இணையச்சு வடம். ஆம்பிளிஃபயருக்கு வேண்டிய மின்சாரத்தை அதே செம்பு வடம் சுமக்கும். கண்ணாடியால் அது இயலாது. எனவே 'எது சிறந்தது?' என்ற கேள்வியை 'எவ்வளவு தூரத்துக்கு, எதற்காக?' என்று மாற்றிக் கேட்கப் பழக்கினேன்.

கடலடியிலும் ஊராட்சியிலும்

சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு 1981இல் கடலடித் தொலைபேசி வடம் போடப்பட்டது. அது இணையச்சு வடம். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த சுமார் 3,200 கிலோமீட்டர் ஐ2ஐ வடம் ஒளியிழை. சென்னையிலிருந்து அந்தமான் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே வங்கக் கடல்தான். வடம் மட்டும் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்பதை ரூபாய்க் கணக்கே சொல்லிவிடும்.

கரையில் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் தரப்பட்டது. நம் மாணவிகளின் ஊர்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றன. இழை அறுந்தால் இணைக்க ஆள் வேண்டும். ஸ்பிளைசிங் வேலையில் இழையைத் துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்டுவார்கள். நல்ல இணைப்பில் 0.05 டெசிபல், ரூபாய்க்கு ஒரு பைசா அளவே போகும். தூசியால் ஒரு டெசிபல் போனால் 21 பைசா நட்டம். இதற்கு வேண்டியது உடல்வலு அல்ல, தூய்மையும் நடுங்காத கையும். "காமர்ஸ் படிச்சவங்க இந்த வேலைக்குப் போகலாமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். பயிற்சி பெற்றால் போகலாம் என்றேன்.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள்

1. 0.2 டெசிபல் இழப்புள்ள இழையில் 50 கிலோமீட்டர் சென்றபின் ஒரு ரூபாயில் எத்தனை பைசா மிஞ்சும்?
2. ஒளியிழையில் ஒளி மெதுவாகச் சென்றும் இணையம் வேகமாக இருப்பது எப்படி?
3. பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குள் ஒரு வடம், ஊரிலிருந்து பள்ளிவரை ஒரு வடம்: எதை எங்கே தேர்வீர்கள், ஏன்?

செய்து பார்க்கும் ஆசிரியர்கள் மூன்றை மறக்க வேண்டாம். லேசர் ஒளியைக் கண்ணில் படவிடக் கூடாது. பயன்பாட்டில் உள்ள இழையின் நுனியை உற்றுப் பார்க்கக் கூடாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும். கம்பங்களையும் தொங்கும் வடங்களையும் தொடவே கூடாது.

உங்கள் ஊரிலும் ஒரு பேருந்து நிலையம் இருக்கும். அங்கிருந்து 20 மீட்டர், 100 மீட்டர், ஒரு கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் எங்கெங்கே முடிகின்றன என்று மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நான்கு ஊர்ப்பெயர்களோடு பாடமும் நினைவில் நிற்கும்.