பிசினுக்கு நிறம் சேர்த்தல்

பெயர்ப் பலகை, திறப்புக் கோர்வை, ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டகம் என்று றெசின் வேலைப்பாடுகள் இப்போது நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. வீட்டிலிருந்தபடியே நாலு காசு தேடலாம் என்று சகோதரிகள் பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். இவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, எந்த நிறத்தை எவ்வளவு போடுவது என்பதைத்தான்.

நம் நாட்டில் இது பழைய கேள்வி. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிதையில் தலைமுறை தலைமுறையாக அரக்கு வேலை செய்கிறார்கள். அரக்கும் பிசின்தான், மரக்கொப்பில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. அதைத் தணலில் இளக்கி, நிறத்தூள் சேர்த்து, இழுத்தும் சுத்தியலால் தட்டியும் பிசைவார்கள். நிறம் சீராகும்வரை இது ஓயாது. பின் சூட்டோடு நூலாக இழுத்து, மரத்தில் பதித்து, பெருவிரல் நகத்தால் நறுக்குவார்கள். அதனால் நகவேலை என்றே அதற்குப் பெயர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய ஆங்கில நூலில் இத்தொழிலையும் பதிவுசெய்திருக்கிறார். அக்காலத்தில் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். முன்னதில் இரசமும் பின்னதில் ஆசனிக்கும் உண்டு, இரண்டும் நஞ்சு.

அரக்கு ஆறினால் இறுகும், சூடாக்கினால் மறுபடி இளகும். பிழைத்தால் திருத்தலாம். எப்பொக்சி றெசினில் அந்த வசதி இல்லை. பிசினும் இறுக்கியும் தாக்கமடைந்து ஒரே தடவையில் இறுகிவிடும். நாம் போடும் நிறம் அந்தத் தாக்கத்தைக் குழப்பக் கூடாது. கலவை 100 கிராம் என்றால் நிறம் 5 கிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பது நல்லது. பசை நிறமாயின் ஈர்க்கு நுனியில் தொட்டு ஆரம்பித்தாலே போதும். அதிகமானால் வேலைப்பாடு நாட்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். தண்ணீர் கலந்த பெயின்ற் மலிவுதான், ஆனால் நீர் சேர்ந்தால் றெசின் மங்கி வெளிறும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மினுக்கத்துக்கு மைக்காத்தூள் நல்லது. ஆனால் அது கனம். கலவை நீர்த்திருக்கும்போது ஊற்றினால் அடியில் படியும். சற்றுத் தடித்த பின் ஊற்ற வேண்டும். வெள்ளைப் பசையில் பெரும்பாலும் இருப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அது வெயிலுக்கு அசையாது. அல்ககோல் மை கண்ணாடிபோல் அழகாகப் படரும். ஆனால் அதில் பெரும்பாலும் சாயமே இருப்பதால் யாழ்ப்பாணத்து வெயில் படும் வாசலில் மாட்டினால் வெளிறிப்போகும். தெளிந்த றெசினே வெயிலில் மஞ்சளாகும் என்பதால், வாசல் பலகைக்கு நான் கடும் நிறங்களையே தெரிவேன்.

பெற்றோருக்கு ஒரு சொல். இறுகாத றெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். பிள்ளைக்கு முதலில் நைத்திரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள், நிறங்களைப் பிறகு வாங்கலாம். தூள் அளக்கும்போது முகக்கவசம் வேண்டும், யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கலக்கிய கோப்பையும் கரண்டியும் குசினிக்குத் திரும்பிப் போகக் கூடாது.