எந்த வழியில் ஏற்றுமதி? புதுச்சேரி உற்பத்தியாளருக்கு ஒரு வழிகாட்டி

வேளாண் ஏற்றுமதியைப் பெருக்க இந்திய அரசிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. வேளாண், பதப்படுத்திய உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா 1986 முதல் இயங்குகிறது. 2018 டிசம்பரில் வந்த வேளாண் ஏற்றுமதிக் கொள்கை, 3,000 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியிருந்த ஏற்றுமதியை 2022க்குள் 6,000 கோடியாக்க இலக்கு வைத்தது. பாகூர் கொம்யூனில் நெல் விளைவிக்கும் உழவர் குழுவுக்கும், சேதராப்பட்டில் மசாலாப் பொடி அரைக்கும் சிறு நிறுவனத்துக்கும் இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: வணிக ஏற்றுமதியாளரிடம் விற்பது, கூட்டாகச் சேர்ந்து அனுப்புவது, சொந்தப் பெயரில் அனுப்புவது. பெரும்பாலோர் முதலில் பார்ப்பது எதற்கு மானியம் அதிகம் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சரக்கு நின்றுபோனால், அல்லது அயல்நாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தால், நட்டம் யார் தலையில் விழும்? வழியைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

சரக்கு நின்றுபோவது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. வெள்ளை அரிசித் தடையும் புழுங்கல் அரிசி வரியும் விலக 2024 செப்டம்பர், அக்டோபர் வரையும், குருணைத் தடை விலக 2025 மார்ச் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-23இல் சுமார் 5,300 கோடி டாலராக இருந்த நாட்டின் வேளாண் ஏற்றுமதி, மறு ஆண்டு சுமார் 4,900 கோடியாகச் சரிந்ததில் இத்தடைகளுக்கும் பங்குண்டு. ஏழை வீட்டு அரிசி விலையைக் காப்பது அரசின் கடமை, தடையில் என்ன தவறு என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் அந்தக் கடமையின் செலவு, முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தில் சிக்கிய சிறு உற்பத்தியாளர் மேல் விழக் கூடாது. அரசு அதைச் சரிசெய்யும்வரை உற்பத்தியாளர்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். நாடு அன்றாடம் உண்ணும் தானியத்துக்கு ஏற்றுமதிக் கதவு எப்போது வேண்டுமானாலும் மூடப்படும் என்று கணக்கிட்டே இறங்க வேண்டும்.

ஆகவே பாகூர், காரைக்கால் நெல்லுக்கு முதல் வழியே பொருத்தம். இருபது அடி கண்டெய்னர் ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 25 டன் அரிசி தேவை. அதைச் சேர்த்து, கப்பல் பிடித்து, அயல்நாட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சுமையை வணிக ஏற்றுமதியாளர் ஏற்கிறார். இடையில் நிற்பவர் லாபத்தை விழுங்குகிறாரே என்பார்கள். அவர் எடுத்துக்கொள்வதில் ஒரு பகுதி இந்தச் சுமைக்கான கூலி. அந்தக் கூலி நியாயமானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு: தடை வந்தாலும் சரக்கு திரும்பினாலும் பேசிய விலை குறையாது என்று அவர் எழுதித் தருவாரா? தர மறுத்தால் அவர் சுமை தாங்குபவர் அல்லர். வேறு ஆளைத் தேடுவது நல்லது.

இரண்டாம் வழிக்கு அரசு புது வலு சேர்த்திருக்கிறது. 2023 ஜனவரியில் பதிவான தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் பின்னால் இஃப்கோ, கிரிப்கோ, நாஃபெட் போன்ற பெரும் கூட்டுறவுகள் நிற்கின்றன. அரிசித் தடைக் காலத்திலும் அரசு அனுமதித்த நாடுகளுக்குப் பெரும்பாலும் இதன் மூலமே அரிசி போனது. ஆனால் கூட்டில் ஒருவர் செய்யும் பிழை எல்லோரையும் பாதிக்கும். நெல் குலைநோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் ஆக்கிவிட்டது. ஒரு வயலில் தெளித்தது மொத்தச் சரக்கையும் நிராகரிக்க வைக்கலாம். வயல்வாரியாகத் தெளிப்புப் பதிவேடு வைத்திருக்கும் குழு மட்டுமே இவ்வழியில் இறங்கலாம். இயற்கை வேளாண் சான்று வாங்குவோரும் கவனிக்க வேண்டும்: பங்கேற்பு முறையிலான பி.ஜி.எஸ். சான்று செலவு குறைந்தது, ஆனால் உள்நாட்டுச் சந்தைக்கானது. ஏற்றுமதிக்குத் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் (என்.பி.ஓ.பி.) சான்று தேவை, உழவர்கள் அதைக் குழுவாகவும் பெறலாம்.

பதப்படுத்திய பண்டங்களுக்கு மூன்றாம் வழி. மசாலா, ஊறுகாய், அப்பளம், சிறுதானிய மாவு ஆகியவற்றில் லாபம் பெயரில்தான் இருக்கிறது; பெயரைப் பிறருக்குக் கொடுத்தால் எஞ்சுவது அரைவைக் கூலி. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களும், பாரிஸ் லா ஷப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகளும் நம் சுவை அறிந்தவை. கண்டெய்னர் நிரம்பாதே என்ற தயக்கம் வேண்டாம். சிறு பொதிகளை அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள் வழியே அனுப்பலாம். பணம் வராமல் போகும் அபாயத்துக்கு அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு உண்டு. பால், நெய், முட்டை கலந்தவற்றுக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனி நிபந்தனைகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பதப்படுத்தியவையும் தடைக்குத் தப்பவில்லையே என்பது வலுவான ஆட்சேபம். அவற்றைக் கட்டுப்படுத்த மாட்டோம் என்று 2018 கொள்கை உறுதியளித்தும், 2022இல் கோதுமையைத் தொடர்ந்து கோதுமை மாவுக்கும் தடை வந்தது. இதனால் மூன்றாம் வழி தவறாகிவிடாது. எதைப் பதப்படுத்துவது என்பதை அது சொல்லித் தருகிறது. ரேஷன் தானியத்திலிருந்து ஒரே ஒரு படி தள்ளியிருக்கும் மாவைவிட, பல படி தள்ளியிருக்கும் ஊறுகாயும் மசாலாவும் பாதுகாப்பானவை. ஒரே நாட்டை நம்புவதும் ஆபத்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல் 50 சதவீத வரி விதித்தபோது அந்தச் சந்தையையே நம்பியிருந்த இறால் தொழில் தவித்தது.

ஆகவே நெல்லுக்கு வணிக ஏற்றுமதியாளர், பதிவேடு உள்ள குழுவுக்குக் கூட்டுறவு, தனிச்சுவைப் பண்டத்துக்குச் சொந்தப் பெயர். எதைத் தேர்ந்தாலும் தெளிப்புப் பதிவேடும் ஆய்வக அறிக்கையும் உற்பத்தியாளர் கையில் இருக்கட்டும். அவை இருந்தால் வழி மாறிக்கொள்ளலாம், விலையும் பேசலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கியது புதுச்சேரியில்தான். அத்தகைய நிலையங்கள் வழியே உழவரைப் பதிவேடு எழுதப் பழக்குவதையும் எச்சப் பரிசோதனையை எளிதாக்குவதையும் அரசு தன் முதல் வேலையாகக் கொள்ளட்டும். இன்னொரு மானிய அறிவிப்பைவிடச் சிறு உற்பத்தியாளருக்கு அது நெடுநாள் உதவும்.