எம்டன் கப்பலின் கேப்டன்

"அவன் பெரிய எம்டன்!"

மிகவும் கெட்டிக்காரனை, எதற்கும் அஞ்சாதவனை இப்படிச் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஆள் பெயர் அல்ல. அது ஒரு ஜெர்மன் போர்க் கப்பலின் பெயர். அந்தக் கப்பலின் கேப்டன் யார்?

அவர் பெயர் கார்ல் வான் முல்லர். 1873-இல் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா தரைப்படை அதிகாரி. மகனோ 1891-இல் கடற்படையில் சேர்ந்தார். அப்போது ஜெர்மனியைப் பேரரசர் ஆண்டு வந்தார்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வேலை செய்தபோது முல்லருக்கு மலேரியா வந்தது. அந்தக் காய்ச்சல் அவரைச் சாகும்வரை விடவில்லை. ஒரு கொசு செய்த வேலை! 1913-இல் அவர் எம்டனுக்குக் கேப்டன் ஆனார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் கப்பல்கள் பசிபிக் கடலில் கூடின. ஒரு கப்பலாவது இந்தியப் பெருங்கடலுக்குப் போகட்டும் என்று முல்லர் யோசனை சொன்னார். தளபதி அவரையே அனுப்பினார்.

அந்தக் கடல் முழுவதும் பிரிட்டிஷ் கப்பல்கள். முல்லர் ஒரு தந்திரம் செய்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார். தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் போர்க் கப்பல் போலவே தெரிந்தது.

கப்பல் ஓட நிலக்கரி வேண்டுமே! பிடித்த கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களைப் பிடித்தார். அவற்றில் பலவற்றை மூழ்கடித்தார். ஆனால் அதற்கு முன் அங்கிருந்த ஆட்களை இறக்கிவிடுவார். ஒரு கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதை மூழ்கடிக்கவில்லை. பிடிபட்டவர்களை அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

1914 செப்டம்பர் 22, இரவு. சென்னை நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் ஓசையின்றி வந்தது. துறைமுகத்தின் அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் மீதும் குண்டு விழுந்தது. சிலர் இறந்தார்கள். ஆட்களை இறக்கிவிட்டுச் சுடும் வழக்கம் அன்று இல்லை. மறுநாளிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பயத்தில்தான் 'எம்டன்' என்ற சொல் தமிழுக்கு வந்தது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யப் போர்க் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. பலர் மாண்டார்கள்.

நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுக்கு எம்டன் போனது. அங்கே தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அதை உடைக்கச் சுமார் 50 பேர் கரையில் இறங்கினார்கள். ஆனால் நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டார்கள். 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க் கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. குண்டுகள் வெகுதூரம் பாய்ந்தன. எம்டன் சல்லடை ஆனது. மூழ்கினால் எல்லோரும் சாவார்கள். முல்லர் கப்பலைப் பவழப் பாறை மேல் ஏற்றினார்.

ஆனால் கொடி இறங்கவில்லை. சிட்னி மறுபடியும் சுட்டது. அதன் பிறகே கொடியை இறக்கினார்கள். எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

முல்லர் கைதியானார். முதலில் மால்டா தீவு, பிறகு இங்கிலாந்து. 1917-இல் 20-க்கும் மேற்பட்ட கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அவர்களில் முல்லரும் ஒருவர். கொஞ்ச காலத்திலேயே பிடிபட்டார். உடம்பு கெட்டுப்போனதால் 1918-இல் அவரை விடுவித்தார்கள். பேரரசர் பெரிய விருது கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பேரரசரும் இல்லை, பேரரசும் இல்லை.

1919-இல் முல்லர் ஓய்வு பெற்றார். எம்டன் கதையை எழுதித் தரும்படி பலர் கேட்டார்கள். நல்ல பணம் கிடைத்திருக்கும். அவருடன் இருந்த அதிகாரிகளில் சிலர் எழுதினார்கள். முல்லர் மறுத்துவிட்டார். செத்துப்போன தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவது போல அவருக்குத் தோன்றியது.

1923-இல் அவர் காலமானார். வயது 49.